தாய்மாமன் மடியும் கணக்குப் பரீட்சையும்

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணையும் யாரும் "படிக்காதே" என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்ல நாங்கள் என்ன காட்டுமிராண்டிகளா? பரீட்சை நாளில் ஒரு நல்ல காரியத்தை வைத்துவிடுவோம். கையை ஓங்க வேண்டியதில்லை, குரலை உயர்த்த வேண்டியதில்லை. பஞ்சாங்கம் போதும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நல்ல காரியங்களுக்கெல்லாம் பிளெக்ஸ் அடித்துக் கொடுப்பவன் நான்தான். பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கடை. மஞ்சள் நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே மெஷினில்தான் வரும். ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து போகிறவரை என் கைக்குள் இருக்கிறான் என்று பெருமையடித்துக்கொள்வேன். என் மனைவி, "உங்க கைக்குள்ள இருந்தா எழுத்துப்பிழையோடதான் போவான்" என்பாள்.

அவள் கணக்கில் பட்டம் வாங்கியவள். மகளிர் குழுவின் தலைவி. பால் சொசைட்டிக்குப் பின்னால் இருக்கும் குழுக் கட்டடத்தில் சாயங்காலம் ஒரு வகுப்பு நடத்துகிறாள். பத்தாவதிலும் பிளஸ் டூவிலும் நின்றுபோன பெண்கள் தனித்தேர்வு எழுதுவதற்கான வகுப்பு. வருகிற பெண்கள் பலர் இடுப்பில் ஒன்றோடுதான் வருவார்கள். நானும் சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, "எனக்கும் ஒரு பாடம் குடு" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தூளிக் கயிற்றைக் கையில் கொடுத்தாள். உத்தரத்தில் வரிசையாகக் கட்டிய தூளிகள். எல்லாவற்றின் கயிற்றையும் ஒன்றாக முடிந்து என் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டுவேன். ஊரில் யாராவது கேட்டால் துணை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வேன். பொய்யில்லை. என் கால் நின்றால் வகுப்பு நின்றுவிடும்.

அந்த வகுப்பில் ஒரு பெண். பிறந்த ஊர் இண்டூர்ப் பக்கம், வாக்கப்பட்டது எங்கள் ஊருக்குப் பக்கத்தில். மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள், கணக்கு மட்டும் பாக்கி. கணக்கு வராததால் அல்ல. என் மனைவி போர்டில் ஒரு கணக்கை எழுதி முடிப்பதற்குள் அவள் விடையைச் சொல்லிவிடுவாள். பிறகு ஏன் பாக்கி? பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் தள்ளிச் சேர்த்திருந்ததால் பிளஸ் டூ எழுதும்போதே பதினெட்டு நிறைந்துவிட்டது. நிறைந்த கையோடு கல்யாணம். பரீட்சைகளுக்கு நடுவில் முகூர்த்தம், கணக்குப் பரீட்சை அன்று மறுவீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பெண் போய்ப் பரீட்சை எழுதுவதா? துணைத் தேர்வில் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். துணைத் தேர்வன்று குலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. அடுத்த மார்ச்சில் பிரசவம். அந்தக் குழந்தை ஒன்றுதான் யாரும் நாள் குறிக்காமல் தானாக வந்தது, அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கடுத்த துணைத் தேர்வின்போது கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இப்போது குழந்தைக்கு வயது ஒன்றாகப் போகிறது, மார்ச்சும் வருகிறது. தேறினால் நர்சிங் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. புருஷனும் சரி என்று தலையாட்டியிருந்தான். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான், முக்கியமாக அவன் அப்பாவுக்கு.

அந்த அப்பாதான் ஒரு நாள் காலை என் கடைக்கு வந்தார். தென்னந்தோப்புக்காரர். தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும். எனக்கும் வரும்போதெல்லாம் இளநீர் கொண்டுவருவார்.

"தம்பி, பேத்திக்குக் காதுகுத்து. ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்திப் பாக்கற மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடு" என்றார்.

படங்களை என் போனுக்கு அனுப்பினார். அவர், அவர் தம்பிமார், பங்காளிகள், மகன், மகனின் நண்பர்கள். போர்வெல் லாரியில் சாய்ந்துகொண்டு கூலிங்கிளாஸ் போட்ட ஒரு வாலிபன்.

"இதுதான் தாய்மாமன். அவன் படம் பெருசா வரட்டும். மடியில உக்காத்தி வெக்கறவன், அவனுக்கு மரியாத கொறையக் கூடாது."

"கொழந்தையோட அம்மா படம் அனுப்பலீங்களே?"

"அது எதுக்குப்பா? பொம்பளப் புள்ள படத்தக் கொண்டாந்து ரோட்டுல வெச்சுகிட்டு."

நடுவில் கவுனோடு சிரித்துக்கொண்டிருந்த பேத்தியும் பொம்பளப் பிள்ளைதான். விவரம் தெரியாத வயசு என்பதால் தப்பித்திருந்தாள்.

தேதி சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்புச் சுவரில் என் மனைவி சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்த அதே தேதி.

"ஏங்கண்ணா, அன்னைக்கு உங்க மருமகளுக்குக் கணக்குப் பரீட்சையாச்சே."

"தெரியும்பா. பரீட்ச அடுத்த வருசமும்தான் வரும். முகூர்த்தம் வருமா?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நாக்கு நுனியில் நெருப்பாகச் சில வார்த்தைகள் தயாராக நின்றன. வாயைத் திறந்தேன். "கிளாசியா போட்டுடலாங்களா, மேட்டா?" என்று வந்தது.

வியாபாரி வாய். என்ன செய்ய.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் உலையில் போட இருந்த அரிசியைக் கீழே வைத்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள். பளபளப்பு வேண்டாம், மேட் போதும் என்று முடிவானதைச் சொன்னேன். அன்று சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் ஆனது.

சாயங்காலம் வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அழவில்லை. வழக்கம்போலக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள், பேனாவை மட்டும் கொஞ்சம் அழுத்தி.

"அடுத்த வருசம் எழுதிக்கம்மான்னு மாமனார் நல்லாத்தான் பேசறாருங்க்கா" என்றாள் என் மனைவியிடம். "அத்த இப்பவே ரெண்டாவது எப்பன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. துணைத் தேர்வுன்னா அதுக்கும் ஒரு கெடா வெட்டு வரும். அடுத்த வருசம்னா எனக்கு வயித்துல ஒண்ணு இருக்கும், இடுப்புல ஒண்ணு இருக்கும். இதான்க்கா கடைசி. இத விட்டா நான் அவ்ளோதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "எனக்குப் பத்தாவது பரீட்சைக்கு நாத்தனாருக்கு வளைகாப்பு வெச்சாங்க" என்றாள். "எனக்குக் கிரகப்பிரவேசம்" என்றாள் இன்னொருத்தி. "எங்க வூட்ல ஒண்ணுமே கெடைக்கல. மாட்டுக்குப் பிரசவம்னு நிறுத்திட்டாங்க" என்று ஒருத்தி சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஆளுக்கொரு நோட்டில் குனிந்துகொண்டார்கள். தூளிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

"நாளைக்குக் காலையில எல்லாரும் அவர் வூட்டுக்குப் போறோம். கொழந்தைங்களத் தூக்கிகிட்டே வாங்க" என்றாள் என் மனைவி. என்னைப் பார்த்து, "நீங்களும் வரணும். ஆம்பள சொன்னாத்தான் சில பேருக்குக் கேக்கும்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன்.

தோப்பு வீட்டில் எங்களைக் கண்டதும் அவர் ஓடிவந்து வரவேற்றார். நாற்காலி ஒன்று வந்தது. எனக்கு. பெண்களுக்குப் பாய். எல்லாருக்கும் காப்பி. பேச்சு முழுவதும் என் முகத்தைப் பார்த்து. என் மனைவி கேள்வி கேட்டால் பதில் எனக்கு வந்தது. நான் கையை உயர்த்தி, ஒரு பெண் படித்தால் ஒரு குடும்பமே படித்தது போல என்று ஆரம்பித்தேன். அவர் கைதட்டாத குறை.

"அருமையாச் சொன்ன தம்பி! நம்ம காதுகுத்துல மைக்குல நீயே நாலு வார்த்த பேசணும்" என்றார். பெண் கல்விக்காகப் பேசப் போனவனுக்குப் பரீட்சையை நிறுத்திய விழாவிலேயே பேச அழைப்பு. அதற்குப் பிறகு நான் காப்பியைக் குடித்தேன்.

என் மனைவி நேராகக் கேட்டாள். "காதுகுத்து நடக்கட்டுங்க. அவ பாட்டுக்குப் போய் எழுதிட்டு மத்தியானம் வந்துடட்டும். மூணு மணி நேரந்தானே?"

அவர் அதிர்ந்துபோனார். "என்னம்மா பேசற? பெத்தவ இல்லாமக் காது குத்தறதா? புள்ளயத் தூக்கிக் குடுக்க ஆத்தா வேண்டாமா? சபையில நாலு பேரு என்ன கேப்பாங்க?"

இதைக் கேட்டதும் எனக்கு வந்த எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை. பிளெக்ஸில் மகனின் நண்பனின் நண்பனுக்கெல்லாம் இடமிருக்கிறது. அவளுக்கு இல்லை. படத்துக்கு வேண்டாத தாய், பரீட்சை நேரத்தில் மட்டும் இல்லாவிட்டால் சபையே நடக்காத தாய் ஆகிவிட்டாள். புருஷன் கதவோரம் நின்று தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

திரும்பி வரும் வழியில் எல்லாரும் உம்மென்று நடந்தார்கள், குழந்தையோடு எங்களை வழியனுப்ப வந்த அந்தப் பெண்ணும்தான். மாட்டுப் பிரசவக்காரிதான் திடீரென்று நின்றாள்.

"ஏன்டி, ஆத்தா இல்லாமக் குத்தக் கூடாதுங்கறாரே, தாய்மாமன் மடி இல்லாமக் குத்திடுவாரா?"

எல்லாரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்த குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் ஆந்திராப் பக்கம் போர்வெல் லாரியோடு இருந்தான். ஸ்பீக்கரில் கம்ப்ரசர் சத்தம் காதைக் கிழித்தது. தங்கை விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தம் நின்றது. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது.

"பாப்பா, என்ன வெளயாடறியா? மொத மருமவ. தோடு வாங்கி வெச்சுட்டேன். பிளெக்சுல என் படம் பெருசா வருதுன்னு மாமா சொன்னாரு. நான் வரலைன்னா சீரு செய்யப் பயந்து ஓடிட்டான்னு காறித் துப்புவாங்க."

"வர வேணாங்கலண்ணா. அன்னைக்கு வேணாங்கறேன். என் கல்யாணத்துக்கு நீ செஞ்சதெல்லாம் போதும். எனக்கு உன் மடிய மட்டும் ஒரு நாளு தள்ளிக் குடு."

"சரி, லாரி ரிப்பேருன்னு சொல்லிடறேன்" என்றான்.

என் மனைவி போனை வாங்கினாள். "தம்பி, பொய் வேண்டாம். ரிப்பேருன்னு சொன்னா உங்க தங்கச்சி மட்டும் தப்பிப்பா. இங்க இன்னும் நெறையப் பேரு இருக்காங்க. காரணத்தயே சொல்லுங்க. பரீட்சை அன்னைக்கு மடி இல்லைன்னு சொல்லுங்க."

"அக்கா, மானம் போயிடும்க்கா."

"யாரு மானம்?"

அவன் போனை வைத்துவிட்டான். ஆனால் மறுநாள் காலை தோப்புக்காரர் கடைக்கு வந்த வேகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டான் என்று தெரிந்தது. கையில் இளநீர் இல்லை.

"மடி தர மாட்டானாம் தம்பி! கூடப் பொறந்தவ புள்ளைக்கு மடி தர மாட்டேங்கறான். 'பாப்பா பரீட்சை எழுதற நாள்ல என் மடி கெடையாதுங்க மாமா'ங்கறான். உலகத்துல எங்கயாச்சும் உண்டா இது?" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்கெல்லாம் வந்து காப்பி குடிச்சுட்டுப் போனப்பவே நெனச்சேன்."

நான் மெஷினுக்கு எண்ணெய் போடுவது போலக் குனிந்துகொண்டேன். அந்த மெஷினுக்கு எண்ணெய் போடும் இடமே கிடையாது.

அவரும் சும்மா விடவில்லை. ஒன்றுவிட்ட தாய்மாமன்களைத் தேடினார். பெரியப்பா மகன், சித்தி மகன். ஆனால் போர்வெல்காரன் முந்திக்கொண்டு எல்லாருக்கும் போன் போட்டுவிட்டான். "அண்ணன் இருக்கறப்ப நான் உக்காந்தா மொற இல்லீங்க" என்று ஒவ்வொருத்தனும் கைவிரித்தான். குழு ஆரம்பிக்க என் மனைவி வீடு வீடாக அலைந்தாள். தாய்மாமன் சங்கம் போனிலேயே உருவாகிவிட்டது.

கடைசியில் ஜோசியரிடம் போய் நாளை மாற்றினார்கள். பரீட்சைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "இது முன்ன குறிச்ச நாள விட விசேஷமுங்க" என்றாராம். அப்படியானால் முதலிலேயே அதைக் குறித்திருக்கலாமே ஐயா! அந்த விசேஷம் அப்போது எங்கே போயிருந்தது?

பரீட்சை அன்று வெயில் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்து கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தில் தூளி கட்டினோம். அந்தப் பெண் உள்ளே போகும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, என் மனைவியிடம் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் போனாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்து, "இங்க கூட்டம் போடக் கூடாது" என்றார். "கூட்டமெல்லாம் இல்லைங்க சார், தூளிதான்" என்று என் கட்டைவிரலைக் காட்டினேன். என்னைப் பார்த்ததும் இவனால் சட்டம் ஒழுங்குக்கு ஆபத்தில்லை என்று தெரிந்துகொண்டார்.

மணி அடித்து வெளியே வந்தவள் குழந்தையை வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள். "அஞ்சு மார்க்குல ஒண்ணு விட்டுட்டேன். மீதி எல்லாம் வந்துடுச்சுக்கா" என்றாள். எல்லாரும் அவளைச் சுற்றி நின்று சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னடி?"

"இல்லக்கா. நான் எத்தன தடவ கேட்டேன். அழுது கேட்டேன், கால்ல விழுந்து கேட்டேன். அவங்க மனசு எனக்கு எறங்கல. எங்கண்ணன் மடிக்கு எறங்குச்சு. நான் ஒரு ஆளே இல்லையாக்கா அந்த வூட்ல?"

ஜெயித்துவிட்டோம் என்று இளித்துக்கொண்டிருந்த எனக்கு வாயை எப்படி மூடுவது என்று தெரியவில்லை.

அந்த வார்த்தை என்னைப் படுத்திய பாட்டில்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன். தேதி மாறியதால் பிளெக்ஸை மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. யாரையும் கேட்காமல், தாய்மாமனுக்குப் பக்கத்தில், அவனைவிடப் பெரிதாக, அவள் படத்தை வைத்தேன். வகுப்பில் குழு எடுத்த படம்தான். என் கம்ப்யூட்டரில் பெண் படத்தைச் சுற்றிப் போட அழகான டிசைன் ஒன்று தயாராக இருந்தது. மஞ்சள் ஒளிவட்டம், இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம், கீழே ஒரு குத்துவிளக்கு. ஞாயிறு விடிவதற்குள் மண்டபத்து வாசலில் கட்டியாகிவிட்டது.

முதலில் வந்த உறவுக்கார அம்மா பிளெக்ஸைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அய்யோ சாமி! எப்படா தவறுச்சு? ஒரு வார்த்த சொல்லலையேடா! பச்சக் கொழந்தைய வெச்சுகிட்டு..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது கண்ணீர் அஞ்சலி டிசைன். என் கம்ப்யூட்டரில் பெண்களைப் பெரிதாகக் காட்டுகிற டிசைன் அது ஒன்றுதான் இருந்தது. இத்தனை வருஷமாக எங்கள் ஊரில் ஒரு பெண் பிளெக்ஸில் நடுநாயகமாக வந்ததெல்லாம் செத்த பிறகுதான். வேறு டிசைனுக்கு எனக்குத் தேவையே வந்ததில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

தோப்புக்காரர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு என்னைத் தேடினார். நான் சமையல்கட்டில் அண்டாவுக்குப் பின்னால் இருந்தேன். "உசுரோட இருக்கற புள்ளைக்கு வெளக்கேத்தி வெச்சிருக்கான், அவனக் கூப்புடுங்கடா! கழட்டுங்கடா அத!"

உயிரோடு இருக்கும் அந்தப் பெண் பட்டுப்புடவையோடு வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பரீட்சை அன்று கேட்டில் வராத சிரிப்பெல்லாம் சேர்த்து வந்தது.

"கழட்ட வேணாம் மாமா. அந்த வெளக்கு மேல மட்டும் ஒரு பேப்பர ஒட்டச் சொல்லுங்க. நான் இருக்கேன்னு எல்லாரும் பாத்துட்டுப் போவட்டும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் எங்கள் வகுப்புப் பெண்கள் இடுப்பில் குழந்தைகளோடு நின்றிருந்தார்கள். தாய்மாமன்களும் கூலிங்கிளாஸைக் கழற்றிக்கொண்டு தங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். புருஷன் முதன்முதலாகத் தலையாட்டாமல், நடந்துபோய் ஒரு ஏணியைக் கொண்டுவந்தான். விளக்கின்மேல் பேப்பரை அவனே ஒட்டினான். கோணலாகத்தான் ஒட்டினான்.

காது குத்தும்போது குழந்தையைவிடப் போர்வெல் அண்ணன்தான் அதிகம் அழுதான்.

கணக்கில் அவள் தேறிவிட்டாள். இப்போது நர்சிங் சேர்க்கைக்குக் காத்திருக்கிறாள். கவுன்சலிங் தேதி எப்போது வரும் என்று தெரியவில்லை. தோப்பு வீட்டில் மாமியார் இப்போதே ஒரு வேண்டுதலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறாராம். என் மனைவி பரீட்சை அட்டவணைகளைப் பிரதியெடுத்து ஜோசியர், மண்டபக்காரர், சமையல்காரர், பந்தல்காரர் என்று எல்லாரிடமும் கொடுத்துவிட்டு வந்தாள். ஜோசியர், "நாள் பாக்கறப்ப இதையுமா பாக்கணும்?" என்று சலித்துக்கொண்டாராம்.

"ராகு காலம் பாக்கறீங்கல்ல? அது மாதிரிதாங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

என் கடையிலும் அந்த அட்டவணை ஒன்று தொங்குகிறது. அந்தத் தேதிகளில் விழா என்றால் நான் அடித்துத் தருவதில்லை. அடுத்த தெருக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும். முதலிலெல்லாம் இதைச் சொல்லும்போது நாக்கு தடுமாறி மேட்டா கிளாசியா என்றுதான் வரும். இப்போது பழகிவிட்டது. நான் ஒரு பெண்ணுக்கான டிசைனும் புதிதாகச் செய்து வைத்திருக்கிறேன். விளக்கு இல்லாதது.